27–6 என்ற எண்ணோடு நின்றுவிடாதீர்கள்

வருடத்துக்கு ஒரு முறையாவது அந்தப் பழைய படம் என் சமூக ஊடகப் பக்கத்தில் வந்து நிற்கிறது. 1912-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கார்லைல் பழங்குடிப் பள்ளியின் கால்பந்து அணி. கீழே ஒரு வரி: 'தாத்தாக்களைக் கொன்ற ராணுவத்தைப் பேரன்கள் மைதானத்தில் பழிதீர்த்தார்கள்.' ஆயிரக்கணக்கில் பகிர்வுகள். எனக்கோ ஒவ்வொரு முறையும் எரிச்சல்தான் வருகிறது.

ஆட்டம் பொய்யில்லை. (இது நம் ஊர்க் கால்பந்து அல்ல, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து.) 1912 நவம்பர் 9, வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி மைதானம். கார்லைல் 27, ஆர்மி (ராணுவக் கல்லூரி அணி) 6. ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்று சில மாதங்களே ஆன ஜிம் தோர்ப் ஒரு பக்கம்; பின்னாளில் அதிபரான ஐசனோவர் எதிர்ப்பக்கம். ஆத்திரம் தாங்காத ஆர்மி அணித் தலைவர் டெவோர், கார்லைலின் ஜோ கயனைத் தாக்கியதற்காக வெளியேற்றப்பட்டார். அமெரிக்க ராணுவம் பழங்குடிகளைச் சுட்டுக் கொன்ற வூண்டட் நீ படுகொலை நடந்து அப்போது இருபத்திரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. படிக்கும்போது எனக்கும் சிலிர்க்கத்தான் செய்கிறது.

ஆனால் அடுத்த வாரமே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம் 34–26 என்று அதே அணி தோற்றது. பகிர்பவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. அந்தப் பருவத்தில் 12 வெற்றி, ஒரு தோல்வி, ஒரு சமநிலை. முந்தைய ஆண்டு ஒரே புள்ளியில் தங்களை வீழ்த்திய சிரக்யூசை இந்த முறை 33–0 என்று துவைத்துப்போட்டார்கள். எதிரணிகளைவிட எடை குறைந்த பையன்கள். வேகமும் ஏமாற்று ஓட்டமும்தான் அவர்களின் ஆயுதம். அந்த மூளைக்கு நான் தலைவணங்குகிறேன். பழிவாங்கும் கதை அந்த மூளையை மறைத்துவிட்டு வெறும் கோபத்தை மட்டும் மிச்சம் வைக்கிறது.

இதைவிடப் பெரிய மறைப்பு அந்தப் பள்ளி. 1879-இல் ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி, ஒரு பழைய படைமுகாமில் அதைத் தொடங்கினார். 'உள்ளே இருக்கும் இந்தியனைக் கொல், மனிதனைக் காப்பாற்று' என்பது அவர் வாக்கு. (அமெரிக்கப் பழங்குடிகளை அப்போது 'இந்தியர்' என்றே அழைத்தார்கள்.) பிள்ளைகளின் தலைமுடியை வெட்டினார்கள், தாய்மொழியைத் தடுத்தார்கள், பெயரையே மாற்றினார்கள். அந்தப் பள்ளிக்குப் பேரும் பணமும் கொண்டுவந்ததுதான் இந்த அணி. பெரிய ஆட்டங்களை எல்லாம் வெளியூரில் போய் ஆடினார்கள். டிக்கெட் வசூல் அங்கேதான். அந்தப் பணம் பயிற்சியாளர் பாப் வார்னரின் கைக்குள் இருந்தது.

1913-இல் தோர்ப்பின் பதக்கங்களைப் பிடுங்கினார்கள். ஒலிம்பிக்குக்கு முன்பே சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடினாராம், அதுதான் குற்றம். தனக்கு எதுவும் தெரியாது என்று வார்னர் கைகழுவினார். நான் அதை நம்பவில்லை. முழு நீதி வர 2022 ஆயிற்று. தோர்ப் 1953-லேயே போய்விட்டார்.

இந்தக் கதையில் என் நாயகன் தோர்ப்கூட இல்லை. அந்த அணியின் குவார்ட்டர்பேக் கஸ் வெல்ச். ஆட்டத்தின் போக்கைக் களத்தில் நடத்தியவர். பள்ளியின் சீர்கேடுகளை விசாரிக்கக் கோரி மாணவர்களிடம் கையெழுத்து வாங்கியவரும் அவர்தான். 1914-இல் நாடாளுமன்றக் குழு வந்தபோது, தன்னைப் புகழேணியில் ஏற்றிய வார்னருக்கு எதிராகவே சாட்சி சொன்னார். பள்ளியின் கண்காணிப்பாளர் பதவி இழந்தார். வார்னர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். அமெரிக்க மண்ணின் பழங்குடிகள் அனைவருக்கும் குடியுரிமை கிடைத்ததே 1924-இல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த நிலையில் ஒரு மாணவன் செய்த காரியம் இது. வெஸ்ட் பாயின்டில் எடுத்த 27 புள்ளிகளைவிட எனக்கு இது பெரிது. இதற்குப் படம் போட்டுப் பகிர்பவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

1918-இல் பள்ளியை மூடினார்கள். கட்டடங்களை ராணுவமே திரும்ப எடுத்துக்கொண்டு, உலகப் போரில் காயம்பட்டவர்களுக்கு மருத்துவமனை ஆக்கியது. அங்கேயே இறந்துபோன பிள்ளைகளின் எலும்புகளை 2017 முதல் தோண்டியெடுத்து, ஒவ்வொன்றாக அவரவர் ஊருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். வளாகத்தில் இப்போது இயங்குவது ராணுவத்தின் போர்க் கல்லூரி.