பி.எட். போதாது, பின் பெஞ்சும் போதாது

"பயிற்சி ஆசிரியர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கையெழுத்து வாங்கினால் போதும், பி.எட். இருந்தால் ஒன்றாம் வகுப்புக்கே எடுத்துக்கொள்வார்கள்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தப்பு. தொடக்க வகுப்புகளுக்கு பி.எட். தகுதியாகாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, அதற்கென்று 2 ஆண்டு டி.எல்.எட். என்ற தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு இருக்கிறது. சரி, பெஞ்சுக்கு வருவோம். மும்பையில் தாராவிப் பக்கம் ஒரு மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் நானும் பயிற்சியில்தான் இருக்கிறேன், உட்கார எங்கே நேரம்? வீட்டில் தமிழும் தெருவில் இந்தியுமாக வளர்கிற பிள்ளை, கூட்டல் கணக்கை விரல்விட்டு இந்தியில் எண்ணிவிட்டு விடையை மட்டும் தமிழில் சொல்லும், அதுவும் சரியாக இருக்கும்! பாடக்குறிப்பில் இதற்கெல்லாம் கட்டமே கிடையாது. அப்புறம் பிள்ளைகள் நமக்கென்று நீட்டும் அந்தப் பாதி பார்லே-ஜி பிஸ்கட், வேண்டாம் என்றால் மத்தியானம் வரை நம்மோடு பேச மாட்டார்கள்.