நிதி எங்கே இருக்கிறது என்று நானே சொல்லணுமாம்

மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. நாலு மாதம் கழித்து, ஒரே வரி: 'நிதி ஆதாரம் இல்லாததால் தற்போது சாத்தியமில்லை.' நான் என்ன மெட்ரோ ரயிலா கேட்டேன்? தேவிபட்டினம் தாண்டி ஈசிஆரில் தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் நடுவே அரை அடி பள்ளம் கிடக்கிறதே, அதில் சரளை கொட்டி இறுக்கி சைக்கிள் போக ஒரு தடம் விடுங்கள் என்றேன். அவ்வளவுதான்.

சரி என்று நேற்று பதில் அனுப்பிய ஆபீசுக்கே நேரில் போனேன்.

"நிதிக்கு நீங்களே ஒரு வழி சொல்லுங்க சார்" என்றார் அங்கிருந்த அதிகாரி. சொன்னேன். எம்எல்ஏ தொகுதி நிதி வருஷத்துக்கு 3 கோடி இருக்கே? ஃபேனைப் பார்த்தார். "அது ஹைமாஸ் லைட்டுக்கே பத்தல." நமக்கு நாமே திட்டம்? மூன்றில் ஒரு பங்கு ஊர் போட்டால் மிச்சத்தை அரசு போடுமே? "அப்ப வசூல் பண்ணிட்டு வாங்க." யாரிடம்? கருவாட்டுக் கூடையைக் கேரியரில் கட்டிக்கொண்டு போகிற தாத்தாவிடமா? பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவழிக்கணும் என்று 2013 சட்டமே இருக்கே என்று ஆரம்பித்தேன். அவர் குண்டூசி தேட ஆரம்பித்தார். முதல் டிராயர், இரண்டாவது டிராயர், பக்கத்து மேஜை. மனுவைக் கோர்க்கத்தான் என்று நானும் பக்தியோடு காத்திருந்தேன். கிடைத்ததும் பல்லைக் குத்தினார்.

குத்திக்கொண்டே, "சைக்கிள்காரங்க ரோட்டு வரி கட்டுறதில்லையே சார்." ஐயா, 2025 செப்டம்பர் வரை சைக்கிளுக்கு 12 சதவீதம் ஜிஎஸ்டி அழுதோம். இப்போதும் 5 அழுகிறோம். என் சைக்கிள் ரோட்டைக் கிழித்ததாக யாராவது புகார் கொடுத்தார்களா?

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசே இலவச சைக்கிள் கொடுக்கிறது. சைக்கிள் வாங்க நிதி உண்டு, அதை ஓட்டும் இடத்துக்குக் கிடையாது! சாயங்காலம் பாருங்கள். எதிர்க்காற்றில் சீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்து வருகிறார்கள் பிள்ளைகள். பின்னால் மீன் லாரி ஐஸ் தண்ணீரை ஒழுகவிட்டபடி ஹாரன் அடிக்கும். ஒதுங்கினால் பள்ளம், பள்ளத்தில் சீமைக்கருவேல முள்.

கடைசியில் ஒரு யோசனை சொன்னார்: "பேசாம எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கிருங்க சார்." சிரித்துவிட்டேன். வேறென்ன செய்ய? வெளியே வந்தால் பின் டயர் தரையோடு தரை. மூன்று முள், மூன்று ஒட்டு.

ஒட்டுகிற நேரத்தில் எதிர்க்கடையில் டீ சொன்னேன். அரை கிளாஸ் நுரை, ரெண்டு மடக்கு, பதினைந்து ரூபாய். சர்க்கரையே இல்லை. கேட்டால், "உங்களுக்கு சுகர்னு நெனச்சேன்ணே" என்கிறான்.