கைப்பேசி விறைத்தால் பேஸ்பால் கிடையாது

மைதான வாசலில் கைப்பேசித் திரையில் சுற்றிக்கொண்டே இருக்கும் அந்தச் சிறிய வட்டத்தைப் பார்த்தபடி நின்றவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. அமெரிக்க பேஸ்பால் பருவத்தின் முதல் நாள், மார்ச் மாதக் கடைசி, காதைக் கடித்துக் குதறும் ஏரிக்காற்று. நுழைவுச் சீட்டோ காகிதத்தில் இல்லை, கைப்பேசிச் செயலிக்குள். உள்ளே தேசிய கீதமும் முடிந்து, போர் விமானங்களும் தலைக்கு மேலே இரைந்து போய்விட்டன. வெளியே நானும், என் மகனும், எங்களுக்குப் பின்னால் பொறுமையிழந்து கொண்டிருந்த ஒரு நெடிய வரிசையும், "தயவுசெய்து காத்திருக்கவும்" என்ற அறிவிப்பும்.

காத்திருந்தோம். கையுறையைக் கழற்றாமல் தொட்டால் திரை அசையாது. கழற்றித் தொட்டாலோ, விறைத்துப்போன என் விரலை அது விரலாகவே மதிப்பதில்லை. மூன்று முறை தேய்த்த பிறகு மனமிரங்கிக் கடவுச்சொல்லைக் கேட்டது. கொடுத்தேன். நான் நான்தானா என்று சரிபார்க்க அதே கைப்பேசிக்கு ஓர் எண் அனுப்பியிருப்பதாகச் சொன்னது. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஒரே கோபுரத்தைப் பிடித்துத் தொங்கும்போது அந்த எண் எப்படி வந்து சேரும்? வந்து சேர்ந்தபோது அதன் ஆயுள் முடிந்திருந்தது. இதற்குள் குளிரில் மின்கலம் பாதிக்கும் கீழே சரிந்துவிட்டதால், கைப்பேசியைச் சட்டைக்குள் விட்டு நெஞ்சோடு அணைத்துச் சூடேற்றினேன். பெற்ற பிள்ளையைக்கூட நான் அப்படி அணைத்து நின்றதில்லை என்பதை அவன் முகமே சொன்னது. முன்தினமே சீட்டைத் திரையோடு படம்பிடித்து வைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்டை நீட்டினேன். வாசல் ஊழியர் மிகுந்த மரியாதையோடு, "இது செல்லாதுங்க ஐயா, சீட்டில் இருக்கும் கோடுகள் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும்" என்றார். கள்ளச்சீட்டைத் தடுக்கும் ஏற்பாடாம். நல்லது, கள்ளச்சீட்டையும் தடுத்தார்கள், நல்ல சீட்டையும் தடுத்தார்கள், பாரபட்சமே இல்லை.

அப்போதுதான் உள்ளேயிருந்து அந்த இரைச்சல் எழுந்தது. கேட்டுப் பழகியவர்களுக்குத் தெரியும், அது ஹோம் ரன்னுக்கு, அதாவது பந்தை வேலிக்கு அப்பால் அடிப்பதற்கு, மட்டுமே எழும் இரைச்சல். "அப்பா, யாரோ அடிச்சுட்டாங்கப்பா" என்றான் மகன். ஆமாம், அடித்துவிட்டார்கள். பருவத்தின் முதல் ஹோம் ரன்னை நாங்கள் ஒரு கான்கிரீட் சுவரின் வழியாகக் காதால் கண்டு களித்தோம்.

ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தில் முதல் இன்னிங்ஸில் அப்படி என்ன பெரிதாக நடந்துவிடும் என்று யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். 1974 ஏப்ரல் 4 அன்று சின்சினாட்டியில் அட்லாண்டா அணி வீரர் ஹாங்க் ஆரன் அந்தப் பருவத்தில் மட்டையை வீசிய முதல் வீச்சிலேயே பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பி, பழம்பெரும் வீரர் பேப் ரூத்தின் 714 ஹோம் ரன் வாழ்நாள் சாதனையைச் சமன் செய்தது முதல் இன்னிங்ஸில்தான். அன்றைக்கு இந்தச் செயலி இருந்திருந்தால் பாதிக் கூட்டம் வாசலில் கடவுச்சொல்லைத் தட்டிக்கொண்டு நின்றிருக்கும்.

காகிதச் சீட்டு என்ன பாவம் செய்தது? நீட்டினால் கிழித்துப் பாதியைக் கையில் கொடுப்பார்கள். மழை வந்து ஆட்டம் நின்றால் அந்தப் பாதிதான் இன்னோர் ஆட்டத்துக்கான உரிமை. நிற்காவிட்டால் அதுவே வாழ்நாள் நினைவு. என் அலமாரியில் ஒரு காலணிப் பெட்டி நிறைய அவை இருக்கின்றன. சிலவற்றில் கடுகுக் கறை, ஒன்றின் பின்புறத்தில் என் மனைவியின் கையெழுத்தில் ஸ்கோர். 1947 ஏப்ரல் 15 அன்று நவீன காலப் பெரிய லீக்கின் முதல் கறுப்பின வீரரான ஜாக்கி ராபின்சன் எப்பெட்ஸ் ஃபீல்ட் மைதானத்தில் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கிய முதல் நாளின் கிழிந்த சீட்டு ஒன்று 2022-இல் 4,80,000 டாலருக்கு ஏலம் போனது. என் கைப்பேசியில் இருந்த சீட்டோ ஆட்டம் முடிந்த மறுநாள் "காலாவதியானது" என்று சாம்பல் நிறத்துக்கு மாறிவிட்டது. என் பேரன் எதை ஏலம் விடுவான், சாம்பல் நிறத்தையா?

குளிரை நான் குறை சொல்லவில்லை. அதை இழுத்து வந்த அட்டவணைக்காரர்களைச் சொல்கிறேன். வீரர்களுக்கு இடையிடையே கூடுதல் ஓய்வு நாட்கள் வேண்டும் என்று 2018-இல் பருவத்தை நீட்டினார்கள். ஒவ்வோர் அணியும் ஆடும் 162 ஆட்டங்களில் ஒன்றைக் குறைக்கவும் மனமில்லாமல் தொடக்க நாளை மார்ச்சுக்குள் தள்ளினார்கள். அந்த ஆண்டே நியூயார்க் யாங்கீஸும் சிகாகோ கப்ஸும் சொந்த மைதானத்தில் ஆட வேண்டிய முதல் ஆட்டங்கள் பனியால் ஒத்திப்போயின. பனி ஒன்றும் புதிதல்ல, ஒப்புக்கொள்கிறேன். 1907-இல் நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் முதல் நாளன்று ரசிகர்கள் பனிப்பந்துகளை எறிந்து ஆட்டத்தையே கெடுத்தார்கள், ஜயன்ட்ஸ் அணி தோற்றதாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அத்தனை பனியிலும் எவருடைய சட்டைப்பையிலும் சீட்டு அணைந்துபோகவில்லை. அவர்கள் உள்ளே போய்விட்டுத்தான் எறிந்தார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை.

இரண்டாவது இன்னிங்ஸின் பாதியில் உள்ளே போனோம். மறுநாள் காலை மின்னஞ்சல் வந்தது: முதல் நாள் நினைவை என்றென்றும் பாதுகாக்க, கெட்டி அட்டையில் அச்சிட்ட நினைவுச் சீட்டு விற்பனைக்கு உண்டு, அஞ்சல் செலவு தனி. படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தார். வாங்கினேன், வாங்காமல் என்ன செய்வது? அது எப்போது வந்து சேரும் என்பதை மட்டும் செயலியில்தான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.