ருவாண்டா: எச்சரிக்கை வராமலா இருந்தது?

'1994 ருவாண்டா படுகொலை திடீரென்று வெடித்த இனச்சண்டை, முன்கூட்டி யாருக்கும் தெரியாது' என்று ஒரு வாட்ஸ்அப் பதிவு சுற்றுகிறது. தவறு.

அந்த ஆண்டு ஜனவரி 11 அன்றே ஐ.நா. அமைதிப்படைத் தளபதி ரோமியோ டலேர் நியூயார்க்குக்குத் தந்தி அனுப்பினார். ஆயுதங்கள் பதுக்கப்படுகின்றன, தலைநகர் கிகாலியில் உள்ள சிறுபான்மை இனத்தவரான டுட்சிகளைக் கணக்கெடுக்கிறார்கள், 20 நிமிடத்தில் 1,000 பேர் வரை கொல்ல ஆட்கள் தயார் என்று ஆயுதம் பதுக்கும் கும்பலின் உள்ளாள் ஒருவரே சொன்னதாக அதில் இருக்கிறது. ஆயுதக் கிடங்குகளைச் சோதனையிட டலேர் திட்டமிட்டார். தலைமையகம் தடுத்தது, ஜனாதிபதி ஹபியாரிமானாவிடம் தகவல் சொல்லச் சொன்னது. ஆயுதம் சேர்த்த இன்டராஹம்வே யார்? அவருடைய கட்சியின் இளைஞர் அணிதான்!

அதற்கும் முன்பே, 1993 ஆகஸ்டில், ஐ.நா. சிறப்பு அறிக்கையாளரின் அறிக்கை அதுவரை நடந்த டுட்சி கொலைகள் இனப்படுகொலையா என்ற கேள்வியை எழுப்பியிருந்தது.

சரி, 'சண்டை' என்பதாவது பொருந்துமா? அதுவும் இல்லை. ஏப்ரல் 6 அன்று ஜனாதிபதியின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அப்புறம் பெரும்பான்மை ஹூட்டு இனத்தின் தீவிரவாதிகள் சாலைத் தடுப்புகளில் இனம் குறித்த அடையாள அட்டையைப் பார்த்துக் கொன்றார்கள். அவர்கள் பக்கம் நின்ற ஆர்.டி.எல்.எம். வானொலி ஆட்களைப் பெயர் சொல்லிக் காட்டிக்கொடுத்தது. டுட்சிகளோடு, கொலைகளை எதிர்த்த ஹூட்டுகளும் பலியானார்கள். சுமார் 100 நாளில் 8 லட்சம் பேர் என்பது ஐ.நா. மதிப்பீடு. கொலைகள் நடந்துகொண்டிருந்தபோதே, ஏப்ரல் 21 அன்று, அமைதிப்படையை 270 பேராகக் குறைக்கப் பாதுகாப்பு மன்றம் முடிவெடுத்தது.