பிரஸ்ஸுக்கு முன்னால் ஒரு தீட்டுக்கல்

கோடை முகாம் நேரம் வந்தால் மதுரை ஓவிய ஆசிரியர்கள் மத்தியில் ஒரு பேச்சு கிளம்பிவிடும்: "லினோகட் சொல்லித்தரலாம்தான், பிரஸ் இல்லையே சார்." லினோலியம் தாளில் படத்தை உளியால் வெட்டி, மை தடவி, தாளில் எடுக்கும் அச்சுதான் லினோகட்; பிரஸ் என்பது தாளை அழுத்தும் அச்சு இயந்திரம். பிரஸ் இல்லை என்பது சாக்கு. எட்சிங் (உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து எடுக்கும் அச்சு) என்றால் ஒத்துக்கொள்ளலாம். தகட்டின் பள்ளத்தில் கிடக்கும் மையை ஈரத்தாளுக்கு இழுக்க அந்த அழுத்தம் வேண்டும். லினோவிலும் மரக்கட்டையிலும் மை மேல்பரப்பில்தான் நிற்கிறது. அதற்குக் கரண்டியின் முதுகே போதும்.

வகுப்பு கெடுவது உளியில். மழுங்கிய உளி லினோவை வெட்டாது, பிய்க்கும். பிள்ளை பலம் கொடுத்துத் தள்ளும், உளி வழுக்கும், எதிரே பிடித்திருக்கும் இடது கையில் ஏறும். விரலை வெட்டுவது கூர்மையான உளி என்று பெற்றோர் பயப்படுகிறார்கள்; பெரும்பாலும் நடப்பது நேர்மாறு. கட்டையை முட்டுப்பலகையில் (மேசை விளிம்பில் மாட்டி, கட்டை நகராமல் தடுக்கும் பலகை) வைத்து, இரண்டு கையும் உளிக்குப் பின்னால் இருக்கப் பழக்கிவிட்டால் பாதி பயம் போய்விடும்.

'வி' (V) வடிவ முனை கொண்ட உளியைத் தீட்டுவது தனி வேலை. அதை இரண்டு தட்டை உளிகள் ஒட்டியதாக நினைத்துக்கொண்டு, இரு பக்கத்தையும் ஒரே சாய்வில், ஒரே எண்ணிக்கையில் கல்லில் தேய்க்க வேண்டும். ஒரு பக்கம் கூடினால் கோடு ஒருபுறமாக இழுக்கும். இரண்டு பக்கமும் சேரும் அடியில் சின்ன மூக்கு மிஞ்சும். அதை மெதுவாக உருட்டித் தேய்த்து எடுங்கள். உள்பக்கப் பிசிறை மடித்த நீர்த்தாளால் (வாட்டர் பேப்பர் எனும் நுண்ணிய உப்புத்தாள்) எடுத்து, தோல் வாரில் இழுத்தால் முடிந்தது. பழைய லினோவில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள்: சுருள் அறாமல் வந்தால் சரி.

மேலைநாட்டு வீடியோக்களில் லினோவை அயர்ன் பாக்ஸால் சூடாக்கி வெட்டுகிறார்கள். மதுரைச் சித்திரை வெயிலில் அதற்கு அவசியமே இல்லை. இங்கே தொல்லை மை. மதியச் சூட்டில் இளகி, மெல்லிய கோடுகளுக்குள் ஓடி அடைத்துவிடும். வெட்டுவதை மதியம் வைத்து, அச்சிடுவதைக் காலையில் முடியுங்கள். சிவகாசி பக்கத்திலேயே இருக்கிறது. ஆஃப்செட் மை கிடைப்பது கஷ்டமில்லை. உள்ளங்கையளவு கட்டைக்கு முதலில் புளியங்கொட்டை அளவு போதும். கண்ணாடியில் உருட்டும்போது ரோலர் மெல்ல 'ஸ்ஸ்' என்று சத்தம் கொடுக்க வேண்டும். பிசுபிசுவென்று ஒட்டி இழுத்தால் மை அதிகம். கழுவும்போது முதலில் சமையல் எண்ணெய், பிறகு சோப்புத்தண்ணீர். மண்ணெண்ணெயைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

அடுத்த தவறு தாள். கெட்டியான டிராயிங் தாளில் கரண்டியால் தேய்த்துவிட்டு, "வெள்ளை வெள்ளையாக வருதே, பிரஸ் இருந்தா..." என்கிறார்கள். நேபாளக் கைத்தாள் போல மெல்லியதைப் போடுங்கள். மேலே ஒரு பட்டர் பேப்பர் வைத்துத் தேய்த்தால் கிழியாது. மூலையை மட்டும் தூக்கிப் பார்த்து, வெளுத்த இடத்தை மறுபடி தேய்க்கலாம். பிரஸ்ஸில் இந்த வசதி இல்லை.

எழுத்து வெட்டினால் தமிழுக்கென்று ஒரு பொறி உண்டு. 'ப' புரட்டினாலும் ஏறக்குறைய அப்படியே இருப்பதால் பிள்ளைகள் ஏமாந்துவிடுகிறார்கள். 'கொ' என்றால் ஒவ்வொரு வடிவத்தையும் புரட்டுவார்கள், வரிசையைப் புரட்ட மறப்பார்கள். அச்சில் துணைக்கால் முன்னால் வந்து கொம்பு பின்னால் நிற்கும். மனக்கணக்கே வேண்டாம். டிரேசிங் தாளில் நேராக எழுதி, கவிழ்த்துத் தேய்த்து இறக்குங்கள்.

முதல் பாடத்துக்கு நந்தலால் போஸ் 1930இல் வெட்டிய காந்தி லினோகட்டைக் காட்டலாம். கறுப்புப் பரப்பு, வெள்ளைக் கோடுகள், தடியூன்றி நடக்கும் மனிதர். வெட்டியது வெள்ளை, விட்டது கறுப்பு என்பது பார்த்தவுடன் புரியும். படத்தில் இருக்கும் அரையாடைக்குக் காந்தி மாறியது 1921இல் நம் மேலமாசி வீதியில் என்பதால் பிள்ளைகள் கூடுதலாகக் கவனிப்பார்கள்!

இன்னொன்று: கோடுகளின் சுவர் அடியில் அகன்று சாய்வாக நிற்க வேண்டும். உள்பக்கமாகக் குடைந்துவிட்டால் சில பிரதிகளிலேயே கோடு ஒடிந்து விழும்.

ஏற்கெனவே பிரஸ் வாங்கிவிட்ட பள்ளிகளுக்கு: வகுப்பு முடிந்ததும் அழுத்தத் திருகைத் தளர்த்தி, தாளின் மேல் போடும் கம்பளியை எடுத்துத் தனியாக வையுங்கள். அழுத்தத்திலேயே விட்டால் கம்பளி ஒரே இடத்தில் நசுங்கி, அடுத்த வருடம் ஒவ்வொரு அச்சிலும் குறுக்கே ஒரு பட்டை விழும்.