கேள்வி ஞானம்னு சொல்லித் தப்பித்த இருபது வருஷம்

“நோட்ஸ் எல்லாம் பார்க்க மாட்டேன், எனக்கு எல்லாம் கேள்வி ஞானம்தான்.”

இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். சர்ச்சில் ஞாயிறு ஆராதனைக்குக் கீபோர்டு, முகூர்த்த நாளில் ரிசப்ஷன் கச்சேரி. பாடுகிற தம்பி மேடை ஏறின பிறகுதான் காதில் வந்து சொல்வான்: “அண்ணே, தொண்டை கட்டிக்கிச்சு, அரை கட்டை இறக்குங்க.” கட்டையைத் தானே மாற்றித் தரும் டிரான்ஸ்போஸ் பட்டனைத் தொடாமல் விரலிலேயே இறக்கிவிடுவேன். கிரேடு தேர்வு முடித்த பிள்ளைகள் இந்த இடத்தில் முழிப்பதைப் பார்த்திருக்கிறேன். உள்ளுக்குள் ஒரு அற்ப சந்தோஷம்.

முப்பத்தெட்டு வயதில் நானே லண்டன் இசைத் தேர்வு வாரியமான ஏபிஆர்எஸ்எம்மின் ஐந்தாம் கிரேடு தேர்வுக்குப் போனேன். 150 மதிப்பெண்ணில் 21, முன்பின் பார்க்காத இசைக்குறிப்புத் தாளைப் பார்த்து வாசிப்பதற்கு. தாளை வைத்து அரை நிமிடம் தருவார்கள். சுரத்தை அரைப்படி இறக்கச் சொல்லும் ஃப்ளாட் குறி மூன்று என்று எண்ணி முடிப்பதற்குள் எனக்கு அது தீர்ந்துவிட்டது. அப்புறம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் பாடம் வாசிக்குமே, அதே கதைதான். அந்தப் பகுதியில் தேறவில்லை.

வீம்புக்குத்தான் படிக்க உட்கார்ந்தேன். தினம் கால் மணி நேரம், பாடகர் குழுவின் பழைய டியூன் புக். ஒருநாள் ‘என்னோடிரும்’ பாட்டு வந்தது. வில்லியம் மங்க் 1861-இல் போட்ட மெட்டு. எத்தனை அடக்க ஆராதனையில் வாசித்திருப்பேன்! மேல் மெட்டு சரியாகத்தான் இருந்தது. ஆனால் நான் ஒரே கார்டை, அதாவது ஒரே சுரக்கூட்டை, பிடித்து நின்ற இடத்திலெல்லாம் தாளில் அடிக்குரலான பேஸ் நடந்துகொண்டே இருக்கிறது. நடுக்குரல்களில் பெண்கள் பாடும் ஆல்ட்டோவுக்கு ஒரு வழி, ஆண்கள் பாடும் டெனருக்கு ஒரு வழி. எங்கள் குழுவில் டெனர் பாடும் பெரியவர் இத்தனை வருஷமும் என் கார்டோடு முட்டிக்கொண்டுதான் பாடியிருக்கிறார். நான் அவருக்குச் சுருதி நிற்கவில்லை என்று நினைத்திருந்தேன்!

காது மெட்டைப் பிடித்துவிடும். நடுக்குரல்களைக் கோட்டைவிடும். என் காது விட்டது, மற்றவர்களுக்கு எப்படியோ.

அதற்காகத் தாளைக் கும்பிடுகிற கோஷ்டியிலும் நான் இல்லை. தோடி ராகத்தின் காந்தார சுரம் புத்தகத்தில் வெறும் ‘க’. அதை அசைக்காமல் நேராகப் பிடித்தால் தோடி ஓடிவிடும். சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் சுரத்தை அசைக்கும் கமகங்களுக்குத் தனித்தனிக் குறியே போட்டு வைத்தார். எவ்வளவு பெரிய உழைப்பு! அந்தக் குறியும் தோடியைக் கேட்டு வளர்ந்தவனிடம்தான் வாயைத் திறக்கும். கேட்காதவனுக்கு அது வெறும் நெளிவு.

இப்போது எங்கள் குழுவுக்குக் கீபோர்டு பழக வரும் பிள்ளைகளிடம் முதலில் மெட்டை வாயால் பாடச் சொல்கிறேன். பாடி முடித்தால்தான் தாள் கைக்கு வரும். “எனக்குத் தாள் வேண்டாம்ணே, கேட்டே வாசிச்சிடுவேன்” என்கிற பையனை டெனர் பெரியவர் பக்கத்தில் உட்கார வைக்கிறேன். டிரான்ஸ்போஸ் பட்டன் மேல் செல்லோடேப் ஒட்டியிருக்கிறது.