படை அதிகாரிகள் படிக்கும் பள்ளிக்கு அறக்கட்டளைப் பணம் எதற்கு?

அமெரிக்கக் கடற்படைத் துறைக்கு, மரைன் படையையும் சேர்த்து, ஆண்டுக்கு 20,000 கோடி டாலருக்கு மேல் ஒதுக்குகிறது அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ். அந்தத் துறை நடத்தும் ஒரு பள்ளிக்காக நன்கொடை திரட்ட 1970 முதல் ஒரு அறக்கட்டளை இயங்குகிறது என்று சொன்னால், “இவர்களுக்கா பணப் பஞ்சம்?” என்றுதான் யாரும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கலிபோர்னியாவின் மான்டெரேயில் இருக்கும் நேவல் போஸ்ட்கிராஜுவேட் ஸ்கூல் என்ற கடற்படை முதுகலைப் பள்ளியையும் அதன் அறக்கட்டளையையும் பற்றிப் படித்துப் பார்த்த பிறகு எனக்கு இதில் ஒரு உறுதியான கருத்து உண்டு. அந்தப் பணம் தேவைதான். ஆனால் அது சின்னப் பணமாக இருக்க வேண்டும், எல்லார் கண்ணிலும் படும் பணமாக இருக்க வேண்டும்.

முதலில் பள்ளியைப் பற்றி. 1909-இல் அன்னாபொலிஸில் கப்பல் பொறியியல் சொல்லித்தர ஆரம்பித்த இடம் இது. 1951-இல் மான்டெரேக்கு இடம் மாறியது. ஒரு காலத்தில் பணக்காரர்கள் ஓய்வெடுக்க வந்த ஹோட்டல் டெல் மான்டேதான் இன்று அதன் தலைமைக் கட்டடம். இங்கே வருபவர்கள் பள்ளிப் படிப்பு முடித்த கையோடு வரும் பிள்ளைகள் அல்ல. பெரும்பாலோர் பல ஆண்டுகள் கப்பலிலும் விமானத்திலும் களத்திலும் இருந்துவிட்டு, குடும்பத்தோடு வந்து இறங்கும் அதிகாரிகள். கடற்படையினர் மட்டுமல்ல, தரைப்படை, விமானப்படை, மரைன் படை, வெளிநாட்டுப் படைகள் என எல்லா இடத்திலிருந்தும் வருகிறார்கள். படிக்கும் காலத்திலும் சம்பளம் உண்டு. பட்டம் வாங்கியதும் மறுபடி பணிக்குத் திரும்ப வேண்டும்.

அவர்கள் எழுதும் ஆய்வேடுகள்தான் எனக்கு இந்தப் பள்ளியில் மிகவும் பிடித்த விஷயம். தன் கப்பலில் எது சரியாக வேலை செய்யவில்லை என்று பார்த்துவிட்டு வந்தவர், அதையே ஆராய்ச்சிக் கேள்வியாக எடுத்துக்கொள்கிறார். வில்லியம் மெக்ரேவன் 1993-இல் இங்கே முதுகலைப் பட்டம் பெற்றபோது எழுதியது, எண்ணிக்கையில் குறைந்த சிறப்புப் படை தன்னைவிடப் பெரிய எதிரியை எப்படி வெல்கிறது என்பதைப் பற்றி. 2011-இல் பின்லேடன் மீதான தாக்குதலைத் திட்டமிட்டு நடத்தியவர் அவர். நிலவில் கடைசியாக நடந்த யூஜீன் செர்னனும், அதே அப்பல்லோ 17 பயணத்தில் கலத்தை ஓட்டிய ரொனால்ட் எவன்ஸும் இங்கே படித்தவர்கள்தான்.

சரி, இதற்கு நன்கொடை எங்கே தேவைப்படுகிறது? ஆசிரியர் சம்பளமும் கட்டடமும் மின்சாரமும் அரசுப் பணத்தில் நடக்கின்றன. பெரிய ஆராய்ச்சிகளுக்குப் படைப் பிரிவுகளும் மற்ற அரசு அமைப்புகளும் பணம் தருகின்றன. ஆனால் அரசுப் பணத்துக்கு இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று, அது மெதுவாக வரும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகனின் பட்ஜெட் வேலை, பணம் கைக்கு வருவதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. இரண்டு, எதற்கென்று ஒதுக்கினார்களோ அதற்கு மட்டுமே செலவழிக்க முடியும். இரண்டாவது நல்ல விதிதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு மாணவர் சேர்ந்து பட்டம் வாங்கிப் போவதற்கே சுமார் இரண்டு ஆண்டுதான். அவருக்கு இன்று ஒரு யோசனை தோன்றினால், அதற்கான பணம் அடுத்தவர் வந்து உட்கார்ந்த பிறகு வந்து என்ன பயன்?

அறக்கட்டளை உதவுவது இந்த இடைவெளியில்தான். முளைவிடும் நிலையில் இருக்கும் ஆராய்ச்சிக்குக் கைமுதல், சிறந்த மாணவர்களுக்குப் பரிசு, வெளியிலிருந்து அழைக்கும் பேச்சாளர்கள், பழைய மாணவர்களை ஒன்றுசேர்ப்பது என்று அதன் வேலைகள் போகின்றன. அரசு கணக்கில் இவற்றுக்குப் பணம் கேட்டால் சில சமயம் சட்டமே இடம் தராது, சில சமயம் காலம் இடம் தராது.

கைமுதல் என்பதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1970-களின் தொடக்கத்தில் கேரி கில்டால் என்ற இளம் ஆசிரியர் இதே பள்ளியில் சொல்லித்தந்துகொண்டிருந்தார். இன்டெல் 4004 என்ற கணினிச் சில்லு 1971-இல் வந்தபோது, அதை வாங்கி அதற்கு நிரல் எழுதிப் பார்த்தார். அப்புறம் இன்டெல் நிறுவனமே அவருக்குக் கருவிகளைக் கடனாகக் கொடுத்தது. 1974-இல் அவர் உருவாக்கிய சிபி/எம், தனிநபர் கணினிகளின் முதல் பெரிய இயங்குதளம். எந்தத் திட்ட அறிக்கையும் இதை முன்கூட்டியே எழுதிக் கேட்டிருக்க முடியாது. ஆர்வமுள்ள ஒருவர் கைக்குச் சரியான நேரத்தில் ஒரு சின்னக் கருவி கிடைத்தது, அவ்வளவுதான். அந்தச் சின்னக் கருவியை வாங்கித் தருவதைவிட நல்ல வேலை ஒரு அறக்கட்டளைக்கு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இதே பணம் பெரிதானால், கணக்குக்கு வெளியே போனால் என்ன ஆகும் என்பதையும் இந்தப் பள்ளி அனுபவித்திருக்கிறது. 2012 நவம்பரில் அன்றைய கடற்படைச் செயலர் ரே மேபஸ், பள்ளியின் தலைவரையும் அவருக்கு அடுத்த நிலையில் இருந்த கல்வித் தலைவரையும் ஒரே நாளில் பதவியிலிருந்து நீக்கினார். கடற்படை இன்ஸ்பெக்டர் ஜெனரலின் விசாரணை சொன்ன குற்றங்களில், ஆள் எடுப்பதிலும் சம்பளம் தருவதிலும் அரசு விதிகளைச் சுற்றிப் போனது ஒன்று. அறக்கட்டளையிடமிருந்து முறை தவறி நன்கொடை பெற்றது இன்னொன்று.

அமெரிக்கச் சட்டப்படி, ஒரு அரசு அலுவலகத்துக்கு வெளியிலிருந்து வரும் பணம் கருவூலத்துக்குத்தான் போக வேண்டும். காங்கிரஸ் கொடுத்ததற்கு மேல் தானாகச் சேர்த்துக்கொள்ள அதற்கு உரிமை கிடையாது. இதற்கு விதிவிலக்காக, படைப் பள்ளிகள், மருத்துவமனைகள், அருங்காட்சியகங்கள் போன்றவற்றுக்கு வரும் நன்கொடையை அந்தந்தத் துறைச் செயலர் ஏற்கலாம் என்கிறது சட்டத் தொகுப்பின் 10-ஆம் தலைப்பில் 2601-ஆம் பிரிவு. துறையின் நேர்மை மீது சந்தேகம் வரும் என்றால் ஏற்கக் கூடாது என்றும் அதே பிரிவில் இருக்கிறது. எரிச்சலூட்டும் காகித வேலையாக இதைப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆயுதம் தாங்கிய ஒரு நிறுவனம் யாருடைய பணத்தில் நடக்கிறது என்பது, மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் கையில் மட்டுமே இருக்க வேண்டிய விஷயம். வேறு எந்தக் கல்லூரிக்கும் இல்லாத கண்டிப்பு இதற்கு இருந்தே ஆக வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை, நன்கொடை கொடுப்பவர்கள் யார் என்பதில்தான். பழைய மாணவர் ஒருவர் நன்றியோடு நூறு டாலர் அனுப்புவது வேறு. படைக்குக் கருவியும் மென்பொருளும் விற்கும் ஒரு நிறுவனம் பெரிய தொகை தருவது வேறு. இங்கே படிக்கும் அதிகாரிகள் நாளைக்கு எதை வாங்குவது, எதைத் தள்ளுவது என்று முடிவெடுக்கும் இடத்தில் உட்காரப்போகிறவர்கள். ஒரு ஆய்வுக்கூடத்தில் யார் பெயர் எழுதியிருக்கிறது என்பது அவர்கள் மனதில் பதியாமலா போகும்? இதுபோன்ற அறக்கட்டளைகள் தங்கள் ஆண்டு வருமான வரிப் படிவத்தைப் பொதுமக்கள் பார்க்கத் தர வேண்டும், அது நல்லது. ஆனால் நன்கொடையாளர் பெயர்களை வெளியிடச் சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. கொடுப்பவருக்கு வரிச்சலுகை உண்டு. பொதுமக்களுக்குப் பெயர் மட்டும் கிடையாது. படைப் பள்ளிகளின் விஷயத்திலாவது இது மாற வேண்டும்.

மான்டெரேயில் கடற்படைப் புத்தாக்க மையம் ஒன்று அமைக்கப்போவதாக 2022-இல் அன்றைய கடற்படைச் செயலர் கார்லோஸ் டெல் டோரோ அறிவித்தார். அவரும் இதே பள்ளியில் படித்தவர். தனியார் நிறுவனங்களையும் படையையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவருவது அதன் நோக்கம். இப்படியான திட்டங்கள் வளர வளர, கைமுதல் கொடுத்த அறக்கட்டளைகளிடம் கட்டடமே கட்டித் தரச் சொல்லும் ஆசை எந்தப் பள்ளிக்கும் வரும். கட்டடம் காங்கிரஸின் பணத்தில் எழட்டும். அதற்குள் ஒரு மேஜரோ லெப்டினன்ட் கமாண்டரோ தன் ஆய்வுக்காகக் கேட்கும் சென்சாரையும், மாநாட்டுக்குப் போகும் பயணச் சீட்டையும் அறக்கட்டளை வாங்கித் தரட்டும். யார் கொடுத்த பணத்தில் வாங்கினோம் என்பதை ஆய்வேட்டின் முதல் பக்கத்திலேயே அச்சிடட்டும். ரகசியம் இல்லாத ஆய்வேடுகளைப் பள்ளி ஏற்கெனவே இணையத்தில் எல்லாரும் படிக்கும்படி வைத்திருக்கிறது. அதில் இந்த ஒரு வரியைச் சேர்ப்பதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டியதில்லை.